சுகுமாரின் ஆறு கிலோமீட்டர் பிரான்ஸ்

“பிரான்ஸ்ல மழையா சார்?” என்று நடைக்குழு வாட்ஸப்பில் சந்திரிகா டீச்சர் கேட்டபோது, சுகுமார் பெருங்களத்தூரில், தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அப்பளம் கடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் நேர் கீழ்வீடு. காது ரொம்பக் கூர்மை.

மகனைப் பார்க்க பிரான்ஸ் போகிறோம் என்று சொன்னதுமே, அடுக்குமாடி நடைக்குழு அவருக்கும் மனைவி சத்யபிரியாவுக்கும் சால்வை போர்த்தி, கேக் வெட்டி வழியனுப்பிவிட்டது. விசா கிடையாது என்ற செய்தி மறுநாள்தான் வந்தது. சால்வை போர்த்தியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வாட்ச்மேன் சவுரிமுத்துவை வெளியே பூட்டச் சொல்லிவிட்டு, இருவரும் வீட்டுக்குள்ளேயே பிரான்ஸ் போய்விட்டார்கள்.

“மழை இல்லை. இன்று ஒரு பழைய கிராமத்தைச் சுற்றி எளிய நடை. ஆறு கிலோமீட்டர். கோட்டை வாசல், தேவாலயம், திராட்சைத் தோட்டம்” என்று ஏதோ ஓர் இணையதளத்தைப் பார்த்து எழுதிப் போட்டார் சுகுமார்.

“சூப்பர் சார்! ஸ்டெப் கவுன்ட் அனுப்புங்க. இந்த மாசப் போட்டியில சேர்த்துக்கறேன்.”

வேறு வழியில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்க ஆரம்பித்தார். சோபா கோட்டை வாசல். ஃபிரிட்ஜ் தேவாலயம். துணி காயும் கொடி திராட்சைத் தோட்டம்.

“அப்படியே தேவாலயத்துல இருந்து தயிரை எடுத்துட்டு வாங்க” என்றாள் சத்யபிரியா.

ஐயாயிரம் அடி தாண்டியபோது குழுவில் டீச்சர் அலறினார். “சார்! உங்க வீட்டுல யாரோ நடக்கறாங்க!”

“எலியாக இருக்கும்” என்று போட்டார் சுகுமார்.

“எலி ஒரு மணி நேரமா ஒரே ஸ்பீடுல வாக்கிங் போகுமா சார்?”

“மறந்துவிட்டேன். மனைவியின் தம்பி வந்து தங்கியிருக்கிறான்.”

“எனக்கு ஏதுங்க தம்பி?” என்று கிசுகிசுத்தாள் சத்யபிரியா.

அதற்குள் டீச்சர் மாடியேறி வந்துவிட்டார். பூட்டை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. சுகுமார் திராட்சைத் தோட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றார்.

செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. அடுத்த செய்தி வந்தது.

“வெளியில பூட்டியிருக்கு. உள்ள தம்பி எப்படி சார்? எனக்கு இன்னொரு சந்தேகம். நீங்க நிஜமாவே பிரான்ஸ்லதான் இருக்கீங்களா?”

குழுவில் நாற்பத்திரண்டு பேர். அத்தனை பேரும் படித்திருப்பார்கள். எல்லாம் முடிந்தது.

அப்போதுதான் தயாளனிடமிருந்து செய்தி வந்தது. பி பிளாக் தயாளன். மகளைப் பார்க்கப் பத்து நாள் முன்பு ஜெர்மனி போனவர்.

“டீச்சர், வீண் சந்தேகம் வேண்டாம். நான் இப்போது சுகுமாருடன்தான் இருக்கிறேன். காலையில் ரயிலில் வந்தேன். இருவரும் சேர்ந்துதான் கிராமத்தைச் சுற்றினோம். நல்ல வெயில்.”

“சாரி சார், சாரி” என்று டீச்சர் ஆறு முறை கைகூப்பினார்.

சுகுமார் பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

“என் மானத்தைக் காப்பாத்த எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கார் பாரு! அவரோட நான் ஒழுங்கா நாலு வார்த்தை பேசினதுகூட இல்ல.”

“பாவம், நல்ல மனுஷனையும் பொய் சொல்ல வெச்சுட்டோம். போதுங்க, உண்மையைச் சொல்லிடுங்க” என்றாள் சத்யபிரியா.

சுகுமார் தட்டச்சு செய்தார். ‘அன்பு நண்பர்களே, என்னை மன்னியுங்கள். நான் பிரான்ஸ் போகவே இல்லை. பெருங்களத்தூரில்தான் இருக்கிறேன்...’

கதவு மெல்லத் திறந்தது. மாவு பாக்கெட்டோடு நுழைந்த சவுரிமுத்து, “இன்னா சார், கண்ணுல தண்ணி?” என்றான்.

சுகுமார் எல்லாவற்றையும் சொல்லி, போனைக் காட்டினார். “இதோ, அனுப்பப் போறேன்.”

சவுரிமுத்து பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அய்யோ, அனுப்பிடாதீங்க சார்! நீங்க இங்க கீறேன்னு சொல்லிட்டா, தயாளன் சாரு எங்க கீறாருன்னு கேப்பாங்கல்ல? இப்பதான் பி பிளாக்ல அவருக்கு பிரியாணி குடுத்துட்டு வர்றேன்.”