பதினாலாயிரம் கிலோமீட்டரும் ஒரு மாப்பிள்ளையும்

"பதினாலாயிரம் கிலோமீட்டரை எட்டரை மணி நேரத்துல கடக்குற வண்டி உலகத்துலயே கிடையாது. உங்க அண்ணன் உளறுறாரு!" என்றார் டைம் கீப்பர்.

பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறிப்பது அவர் வேலை. இரண்டு நிமிடம் பிந்தினாலும் டிரைவருக்கு மெமோ நிச்சயம். ஆனால் சொந்த விஷயத்தில் அவர் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. போன தடவை விமானத்தில் வந்து இறங்கிய மாமியாரை மூன்று மணி நேரம் பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த அம்மாள் அவரோடு நேராகப் பேசுவதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான். அது அவருக்கு உள்ளூர வருத்தம். இந்தத் தடவையாவது முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும், அந்த அம்மாள் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

"அண்ணன் ஃபோன்ல தெளிவாத்தானே சொன்னாரு? அது தினசரி ஃப்ளைட். அம்மா வர்றது அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துக்குக் கிளம்பி, இங்கே சனிக்கிழமை காலையில ஆறரைக்கு இறங்குதாம்," என்றாள் மனைவி.

"தூரத்தை வேகத்தால வகுத்துப் பாரு. பதினாறு மணி நேரம் வருது. அப்படின்னா மத்தியானம் ரெண்டு மணி."

"ரெண்டு ஊருக்கும் நேர வித்தியாசம்னு ஒண்ணு இருக்குங்க."

அதுவும் நியாயம்தான் என்று மாடி வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் ஓடினார். "ஏழரை மணி நேரம் சார்..." என்று ஆரம்பித்த வாத்தியார், கூட்டுவதா கழிப்பதா என்று சொல்வதற்குள் இவர் படியிறங்கிவிட்டார். டிப்போவில் எந்த வண்டிக்கும் நேரத்தைக் கழித்து அவருக்குப் பழக்கமில்லை. கூட்டினார். ராத்திரி ஒன்பதரை வந்தது. இவ்வளவு தூரம் ஓட்டுகிறவர் நடுவில் டீ குடிக்காமலா இருப்பார் என்று அதற்கும் அரை மணி சேர்த்தார்.

சனிக்கிழமை காலை அவர் சாவகாசமாகச் சவரம் செய்துகொண்டிருந்தபோது மகள் செல்போனோடு ஓடி வந்தாள்.

"அப்பா, பாட்டியோட ஃப்ளைட் ஆறரை மணிக்கே இறங்கிடுச்சுன்னு காட்டுதுப்பா!"

பாதி முகத்தில் நுரையோடு கிளம்பினார். வாடகைக் காருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. எதிரே நின்ற சொந்த டிப்போ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

"சீக்கிரம் எடுப்பா!"

"இன்னும் நேரம் ஆகலையே சார். முன்னாடியே எடுத்தா நீங்கதானே மெமோ குடுப்பீங்க?" டிரைவர் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். சிரிப்பை அடக்க அவர் அப்படியொன்றும் பாடுபடவில்லை.

விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் வாசலில் ஈ காக்கை இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண், "ஆறரை மணி ஃப்ளைட்டா? எல்லாரும் அப்பவே போயாச்சே," என்றாள்.

டைம் கீப்பருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மனைவியின் அண்ணனுக்கு ஃபோன் போட்டார்.

"மச்சான், மன்னிச்சுடுங்க. அத்தையைத் தொலைச்சுட்டேன்!"

மறுமுனையில் பெட்டியின் ஜிப்பை யாரோ இழுத்து மூடினார்கள். யாரோ சிரித்தார்கள். ஃபோன் கை மாறியது. நாலு வருஷமாக அவரோடு பேசாத குரல் பேசியது.

"பதறாதீங்க மாப்பிள்ளை, நான் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பலை. ஃப்ளைட்டுக்குப் பதினாறு மணி நேரம், உங்களுக்குத் தனியா ஒரு நாள்னு கணக்குப் போட்டுத்தான் ஒரு நாள் முன்னாடியே தேதி சொல்லச் சொன்னேன்!"