கமலநாதன் பள்ளிக்கூடத்துக்கு மார்க் போட்ட கதை

கமலநாதன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதை டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, கிளிப்போர்டில் செருகிவிடுவான். மகள் தியாஷினி அடுத்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு சேர்வது என்ற விஷயத்திலும் அதுதான் நடந்தது. நாற்பது கட்டம் போட்ட ஃபாரம் தயார். குழாய், கழிவறை, காற்றாடி, கணக்குப் பாடம், கேன்டீன் என்று ஒன்று விடாமல் எழுதி, பக்கத்திலேயே பாஸ், ஃபெயில் என்று இரண்டு பெட்டியும் போட்டு வைத்தான்.

ஆள் ஷா ஆலத்தில் பூட்டும் தாழ்ப்பாளும் செய்கிற கம்பெனியில் கியூசி, அதாவது தரம் பார்க்கிற, சூப்பர்வைசர். பதினாலு வருஷமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்குமா? தோசையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். கல்யாணத்தன்று மணவறைத் தூண் கெட்டியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்ததில் பூ அலங்காரம் பாதி ஐயர் தலையில் விழுந்தது. அது வீடியோவில் இன்னும் இருக்கிறது.

அவன் மனதில் இருந்தது ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற பெரிய பள்ளி. இரண்டாயிரம் பிள்ளைகள், நாலு மாடி, நீச்சல் குளம். கூட வேலை செய்கிற விமலனின் மகன் அங்கேதான் படிக்கிறான். அந்த விமலன் தினமும் மதியச் சாப்பாட்டில் நீச்சல் குளத்தைப் பற்றியே பேசுவான். சும்மா கேட்டுக்கொண்டு எத்தனை நாள்தான் மீ கோரெங் நூடுல்ஸ் தின்ன முடியும்?

மனைவி தனலெட்சுமி மனதில் இருந்தது வேறு. கிள்ளானில் அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில், லோரி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. அரசாங்க உதவி பெறும் பள்ளிதான், ஆனால் மொத்தமே நாற்பத்து மூன்று பிள்ளைகள். தியாஷினி லேசில் வாய் திறக்காத பிள்ளை. ஐஸ்கிரீம் வேண்டுமென்றால்கூட அம்மா காதில்தான் சொல்லும். இரண்டாயிரம் பேருக்கு நடுவில் அதன் குரல் யாருக்குக் கேட்கும் என்பது தனத்தின் பயம். அதை அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இதெல்லாம் உணர்ச்சி, இதற்கு ஃபாரத்தில் கட்டம் கிடையாது என்று கமலநாதன் சொல்லிவிட்டான்.

போர்ட் கிள்ளானில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் தனம் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுகிற வேலை. கன்டெய்னர் ஏஜென்டுகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள். வீட்டில் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை.

"ஒரே ஒரு ஃபெயில் இருந்தாலும் பெரிய பள்ளிதான், தனம். அப்புறம் அழக் கூடாது."

"சரிங்க. ஒரு ஃபெயிலும் இல்லேன்னா?"

"இல்லாம இருக்குமா?"

"இருக்காதுதான். ஒருவேளை இல்லேன்னா?"

"நீ சொல்ற பள்ளிதான் லா. சைன் பண்ணியே தரேன்."

அப்படியே ஃபாரத்தின் அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டான். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று தோசையின் அடிப்பக்கத்தைப் பார்க்கவே மறந்துவிட்டான்.

முதல் சனிக்கிழமை, விட்ட லீவுக்கு ஈடாகப் பள்ளியில் மாற்று வகுப்பு நடந்தது. தியாஷினியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனான். தலைமையாசிரியை தங்கமணி டீச்சர் வாசலுக்கே வந்து வரவேற்று, எதை வேண்டுமானாலும் பாருங்கள் சார் என்று சாவிக்கொத்தையே கையில் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் பதினோரு ஃபெயில். குழாய் ஒழுகுகிறது, கூரைக் காற்றாடி ஆடுகிறது, கழிவறைத் தாழ்ப்பாள் பொருந்தவே இல்லை. தாழ்ப்பாளைப் பார்த்தபோது மட்டும் அவனுக்கு நெஞ்சு வலித்தது. அவன் தொழிலையே யாரோ கேலி செய்த மாதிரி இருந்தது.

இடையில் ஒரு காரியம் நடந்தது. முதலாம் ஆண்டு வகுப்பில் ஆறே பிள்ளைகள். பின் பெஞ்சு என்று ஒன்றே இல்லை. தியாஷினி போய்க் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். டீச்சர் அவளிடமும் ஒரு கணக்குக் கேட்டார், கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, அடுத்த பிள்ளையிடம் தாவவும் இல்லை. ஒரு நிமிஷம் போனது. அப்புறம் தியாஷினி "பன்னெண்டு" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கமலநாதன் கிளிப்போர்டைக் கீழே இறக்கினான். அவன் படித்த வகுப்பில் நாற்பத்தெட்டு பேர். மூன்று வருஷமாக அவன் பெயர் தெரியாமலே ஒரு வாத்தியார் அவனை "ஏய் சட்டை" என்றுதான் கூப்பிட்டார். கணக்குப் பாடத்துக்கு நேரே பாஸ் போட்டான். போட்டுவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பியும் பார்த்தான்.

ஆனாலும் பதினொன்று பதினொன்றுதான். வீட்டுக்கு வந்து ஃபாரத்தை ஆட்டிக் காட்டினான். தனம் காய் நறுக்கிக்கொண்டே, டீச்சர் போன் பண்ணியதாகச் சொன்னாள். அந்தத் தாழ்ப்பாளைச் சரி பண்ண ஆள் வந்து பார்த்தானாம், மூன்று நாள் வேலை என்றானாம்.

"மூணு நாளா? எவன் அவன்? பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷத்துல யாராலயும் முடியாதாம். அந்தக் கதவு அப்படியாம்."

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டிரில்லோடு பள்ளி வாசலில் நின்றான் கமலநாதன். ஒன்பது நிமிஷத்தில் முடித்தான், கைபேசியில் நேரம் வைத்து. கம்பெனி மாடல் தாழ்ப்பாள், சொந்தக் காசு. ஃபெயிலை அடித்துப் பாஸ் போட வேண்டியதாயிற்று. கண் முன்னால் இருப்பதை இல்லை என்று எழுதினால் அவன் என்ன கியூசி?

அதற்கு அடுத்த வாரம் காற்றாடி. அதை அசைவில்லாமல் ஓட வைக்கச் சீனன் எலெக்ட்ரிக் கடை ஆளால்கூட முடியவில்லையாம், தனம் சொன்னாள். அப்புறம் குழாய். அப்புறம் கேன்டீன் மேசையின் நொண்டிக் கால். எட்டு சனிக்கிழமை போனது. சனிக்கிழமை விளையாட்டுப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அவனைப் பார்த்ததும் "அங்கிள் வந்துட்டாரு" என்று ஓடி வர ஆரம்பித்தார்கள். தங்கமணி டீச்சர் தேத்தண்ணி கொடுத்து, நீங்கள் கண்டிப்பாக ஃபெயில்தான் போட வேண்டும் சார், எங்கள் முகத்துக்காகப் பார்க்காதீர்கள் என்று வேறு சொன்னார்.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கட்டம். நாற்பதாவது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஜொகூருக்கு வேலை மாறிப் போய்விட்டார், இடம் காலி. இதற்கு டிரில் உதவாது, ஸ்குரூவும் உதவாது. கமலநாதனுக்கு உள்ளுக்குள் பரம திருப்தி. நாளைக்கு விமலனிடம் நீச்சல் குளத்தின் ஆழம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"ஒரு ஃபெயில் இருக்கு, தனம். கையெழுத்து கையெழுத்துதான்."

"ஆமாங்க, ரொம்ப சரி. இன்னைக்குச் சாயங்காலம் சங்கக் கூட்டமாம். தலைவர் இல்லாம எப்படி நடத்துறாங்கன்னு நேர்ல பார்த்து எழுதிட்டா, நாளைக்கு யாரும் உங்கள ஒண்ணும் கேட்க முடியாது."

நியாயமான பேச்சு. ஆதாரம் முக்கியம். போனான். கூட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள். தலைவராக வர யார் தயார் என்று கேட்டதும் இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். கமலநாதனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, ஒரு தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினான். குறை கண்டவன் சும்மா போகக் கூடாது, சரி பண்ணிவிட்டுத்தான் போக வேண்டும், எங்கள் கம்பெனியில் அதுதான் ரூல் என்று முடித்தான். கைதட்டல் அடங்குவதற்குள் லோரி ஓட்டுகிற பக்கிரிசாமி எழுந்து அவன் பெயரை முன்மொழிந்தார். பின் வரிசையிலிருந்து தெரிந்த குரல் ஒன்று வழிமொழிந்தது. திரும்பினால் தனம், மடியில் தியாஷினியோடு.

"நான் இந்தப் பள்ளிக்குப் பெற்றோரே இல்லையே, டீச்சர்."

தங்கமணி டீச்சர் ஒரு ஃபைலைத் திறந்து நீட்டினார். அடுத்த வருஷ முதலாம் ஆண்டு, ஐந்தாவது பெயர், தியாஷினி கமலநாதன். பதிவு செய்தது போன வருஷம் மார்ச் மாதம். கீழே அவனுடைய சொந்தக் கையெழுத்து. டிவியில் பந்து விளையாட்டு போய்க்கொண்டிருந்தபோது தனம் எதையோ நீட்டினாள், எதிலோ போட்டான். ஊரில் உள்ள ஸ்குரூவை எல்லாம் பார்க்கிறவன் அன்று அதை மட்டும் பார்க்கவில்லை.

காடியில் வீடு திரும்பினார்கள், கமலநாதன்தான் ஓட்டினான். பின் சீட்டில் தியாஷினி பன்னெண்டாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதைக் கேட்கக் கேட்க வந்த கோபமும் நிலைக்க மாட்டேன் என்றது.

"பேரைப் பதிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. அப்புறம் எதுக்கு என்னை எட்டு வாரம் மார்க் போட விட்ட?"

"பள்ளியில எனக்குச் சந்தேகமே இல்லீங்க. தலைவரா வரப்போறவருக்கு வேலை தெரியுமான்னுதான் டீச்சர் கொஞ்சம் பார்க்கணும்னாங்க. நாங்களும் ஒரு ஃபாரம் வச்சிருந்தோம்."

கமலநாதன் கண்ணாடியைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான்.

"பாஸ்தானே?"

"எல்லாம் பாஸ். ஒண்ணுதான் ஃபெயில். நீங்க போட்ட தாழ்ப்பாள் உள்ளேயிருந்து திறக்க மாட்டேங்குதாம். முந்தாநாள் டீச்சர் ஒரு மணி நேரம் கழிவறைக்குள்ளேயே இருந்தாங்களாம்."