வெள்ளைக் கொடியும் டயர் செருப்பும்

வெபுயே பக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி வாங்கிலாவுக்கு அண்ணன் முன்யாசியா எழுதிக்கொள்வது. இங்கே மாடு, மக்காச்சோளம், நான் மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மாடும் சோளமும் நலம். கிசுமுவில் நீயும் உன் கொத்து வேலையும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

நம்மூரில் போன வருஷம் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்து, வீட்டுக்கு ஒரு கழிப்பறை வெட்ட வேண்டும், யாரும் காட்டுப்பக்கம் ஒதுங்கக் கூடாது, எல்லாரும் அப்படி நடந்தால் சுகாதார அதிகாரி வந்து சுத்தமான ஊர் என்று வெள்ளைக் கொடி நடுவார் என்று கமிட்டி போட்டார்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்பதால் அதற்கு என்னைத் தலைவராக்கினார்கள். நானும் மூன்று கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசி, முதல் ஆளாக என் வீட்டில் குழி வெட்டித் தகரக் கதவும் போட்டேன். மறுநாளே என் மகன் தன் மனைவி நாஞ்சாலாவைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, எல்டோரெட் நகரத்து வேலைக்குப் பஸ் ஏறிவிட்டான். நீயே சொல், நம் குல முறைப்படி மருமகள் போகிற கழிப்பறைக்கு மாமனார் போக முடியுமா? அண்ணியும் இல்லாத வீட்டில் இதை யாரிடம் சொல்வது? இரண்டாவது குழி வெட்டினேன், இரண்டடியில் பாறை. பக்கத்து வீட்டில் கேட்கலாமென்றால் ஊர் முழுக்க நம் குலம், எல்லா வீட்டிலும் எனக்கு மருமகள்தான். ஆகவே எட்டு மாதமாக மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவன் மாதிரி நம் பங்காளி மகன் சிகூகுவின் கரும்புத் தோட்டத்துக்குப் போய்வருகிறேன்.

போன வாரம் எனக்கே வயிறு கலங்கிவிட்டது. ஒரே நாளில் ஏழு தடவை மண்வெட்டி தூக்கினேன். ஊரில் கிழவர் என்னமா உழைக்கிறார் என்று பேச்சு. சிகூகுவுக்கு மட்டும் சந்தேகம்.

“பெரியப்பா, அந்தப் பக்கம் உங்களுக்கு நிலமே இல்லியே?”

“வரப்பு பாக்கப் போறேன்டா.”

“அது என் வரப்பாச்சே.”

வீட்டுக்கு வந்தால் நாஞ்சாலா, மாமனாரிடம் நேரே பேசக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழக்கம்போல் கோழியிடம் பேசுகிறாள். “ஏ கோழி, மாமாவுக்கு உகாலிக் களி ஆறிப்போகுது. காலையிலயும் சாப்பிடல, உடம்புக்கு என்னன்னு கேளு.” நான் கோழியைப் பார்த்து, “ஒண்ணுமில்லன்னு சொல்லு” என்றேன். கோழி எங்கள் இருவரையும் சட்டை செய்யாமல் உகாலியைக் கொத்தப் போய்விட்டது.

நேற்றுக் கமிட்டி கூடியது. சிகூகு ஒரு குச்சியோடு வந்தான்.

“பெரியப்பா, என் கரும்புக்குள்ள டயர் செருப்புத் தடம் கெடக்கு. இந்தா, அளந்துட்டு வந்திருக்கேன். அதுக்குக் கீழதான் நாம தண்ணி மொள்ளுற ஊத்து. என் மக மூணு நாளா உப்பும் சர்க்கரையும் கரைச்ச தண்ணியில உசுரப் பிடிச்சிட்டிருக்கா. அந்தப் படுபாவிய நீங்கதான் பிடிச்சுக் குடுக்கணும்.”

நான் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். விசாரணைக்குத் தீர்மானம் போட்டார்கள். விசாரிப்பவர் நான். என்னை நானே நிற்க வைத்துக் கேட்பதா, உட்கார வைத்துக் கேட்பதா? ஆனால் தம்பி, அந்தக் குழந்தை முகத்தை நினைத்தால் சிரிப்பு வரவில்லை, பயமாக இருக்கிறது. அவள் படுத்துக் கிடப்பது என்னாலா? முறையை மீறினால் மானம் போகும், முறைப்படி நடந்தால் குழந்தை சாகும் என்றால் நான் என்னதான் செய்வது? நாளை அதிகாரி வருகிறார். வாயைத் திறப்பதாக இல்லை. இதைப் படித்ததும் எரித்துவிடு. கோழிக்குக்கூடத் தெரியக் கூடாது.

உன் மனைவி மக்களுக்கு என் ஆசிகள். உன் வீட்டில் எல்லார் வயிறும் ஒழுங்காக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் முன்யாசியா

பின்குறிப்பு (புதன்கிழமை): எரிக்க வேண்டாம். அதிகாரி வந்தார். நம் கழிப்பறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர், “இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சுத்தம் பாத்ததில்ல, ஒரு ஈகூட இல்ல” என்று கைகொடுத்து, நம் வாசலிலேயே கொடியை நட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நாஞ்சாலா அழுதுகொண்டே, “ஏ கோழி, மாமா போற எடத்துக்கு நான் எப்படிப் போவேன்? வந்த நாள்லேருந்து தினம் பெருக்கி வைக்கிறதோட சரி. நானும் கரும்புக்குள்ளதான் போறேன், மாமா மண்வெட்டியோட திரும்புன பெறகு” என்றாள். ஆக, எட்டு மாதத்தில் அந்தக் குழிக்குள் விழுந்தது, அதிகாரி எட்டிப் பார்த்தபோது நழுவிய பேனா மூடி ஒன்றுதான்.

கொடியைப் பிடுங்கிவிட்டேன். இந்த உறைக்குள் மடித்திருப்பது அதுதான், கைக்குட்டை என்று முகம் துடைத்துவிடாதே. பிறகு சிகூகு வீட்டுக்குப் போய் என் செருப்பைக் கழற்றி அவன் குச்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். அளந்து பார்த்தான். மருமகள் முறையையும் இரண்டடியில் வந்த பாறையையும் சொன்னேன். “மக இன்னிக்கு எந்திரிச்சு கஞ்சி குடிச்சா. இல்லன்னா உங்கள விட்டிருக்க மாட்டேன் பெரியப்பா” என்றான். அப்புறம், “பாறை எங்க இருக்குன்னு காட்டுங்க” என்று எழுந்தான்.

நீ உடனே இரண்டு கடப்பாரையோடு புறப்பட்டு வா. எனக்கு ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கி வா. பழையதைச் சிகூகு திருப்பித் தரவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை.