பாதிச் சண்டை அக்காவுடையது

தன் வீட்டுச் சண்டையை உலகத்துக்கே ஒலிபரப்பிவிட்டு, உலகம் அதைக் கேட்டுவிட்டதே என்று கொதித்த மனிதர் குமாரபாளையத்தில் ஒருவர்தான் உண்டு. நான் அங்கே குடியிருந்தபோது அவர் அடுத்த வீடு. ஊரில் அவருக்குப் பெயர் சண்டைக்காரர். கொசுவைக்கூட அடிக்கத் தெரியாது.

தறிப்பட்டறை வைத்திருந்தார். வாரம் ஒரு முறை, அவரும் அவர் மனைவியும் (எனக்கு அக்கா) போடும் சண்டையைச் செல்போனில் பதிவு செய்து இணையத்தில் பாட்காஸ்டாக விடுவார். சட்னியில் உப்பு, மச்சினன் கல்யாணத்து மொய், மின்விசிறியின் வேகம், எல்லாம் வரும். எப்போதும் அக்காதான் ஜெயிப்பார். பள்ளிபாளையம் வரை தறிக்காரர்கள் காதில் மாட்டிக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு வாரம் குக்கர் வளையத்தில் ஆரம்பித்த சண்டை, குழந்தை இல்லாத பேச்சில் போய் முட்டியது. அக்கா உடைந்து அழுதுவிட்டார். இந்த மடையர் திரும்பக் கேட்டுப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிட்டார். மாலைக்குள் அழித்தும் விட்டார். ஆனால் அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அழித்தும் அழியவில்லை. பாட்காஸ்ட்களைப் பட்டியல் போடும் ஓர் இணையதளம், பெயரைப் போட்டதோடு நிற்காமல் ஒலியையே நகலெடுத்து வைத்திருந்தது. ‘நகைச்சுவை’ என்ற தலைப்பில், நடுவில் தைல விளம்பரத்தோடு, அக்காவின் அழுகை ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட எனக்கே ரத்தம் கொதித்தது.

“பேரப் போடட்டும் சாமி, எங்க கேக்கறதுன்னு வழி சொல்லட்டும். அதுக்குத்தானுங்க பட்டியலு? சரக்கை எதுக்கு அவன் குடோனுல எறக்கி வெக்கோணும்?” என்று சண்டைக்காரர் வந்து நின்றார். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்பதால் அந்தத் தளத்துக்கு நான்தான் எழுத வேண்டுமாம்.

“நாயேன்னு ஆரம்பிங்க.”

“ஐயான்னு ஆரம்பிச்சாத்தான் படிப்பானுங்க.”

“செரி, ஐயான்னு ஆரம்பிச்சு நாயேன்னு முடிங்க.”

பதில் வந்தது. இதில் இரண்டு குரல்கள் இருக்கின்றனவாம். இன்னொருவருக்கும் உரிமை உண்டாம். அவரும் சொன்னால்தான் நீக்குவார்களாம். கேட்காமல் எடுத்தவன் சட்டம் பேசுகிறான்! நான் கத்தினேன். சண்டைக்காரர் கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பேசாத பெண்டாட்டியிடம் போய்க் கேட்க வேண்டுமே.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, “உன்ர சம்மதமும் வேணுமாம்” என்றார்.

அக்கா நிமிர்ந்தார். “திருடுனவனுக்கே பாதி என்னுதுன்னு தெரிஞ்சிருக்குது. உங்களுக்குத் தெரியலைங்களே.”

சண்டைக்காரர் கீழே உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்க அக்கா விடவில்லை.

“அழுதது போதும், தள்ளுங்க. தம்பி, நீங்க எழுதுங்க. அது என்ர குரலு. என்னைய யாருமே கேக்கல.”

ஒரு சொல்கூடக் கூட்டாமல் அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மறுநாளே தூக்கிவிட்டார்கள்.

இப்போது நான் ஊர் மாறிச் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறேன். அவர் பாட்காஸ்ட் இன்னும் வருகிறது. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அக்காவிடம் கேட்கிறார். அக்கா மறுத்துவிட்டால், “இந்த வாரம் ஊட்டுல வேண்டாம்னுட்டாங்க, வாரேனுங்க” என்ற குரல் மட்டும் வரும். பெரும்பாலான வாரங்களில் அவ்வளவுதான். ஒரு வாரமும் நான் அதைக் கேட்காமல் விட்டதில்லை.