ஞாயிற்றுக்கிழமைக் குருவிகள்

பல்லுயிர்ப் பிரியர் என்றொரு இனம் உண்டு. மற்ற உயிரினங்களெல்லாம் குறைந்துகொண்டே வரும் இந்தக் காலத்தில் இது மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. மருந்து அடிக்காமல் ஒரு போகம் எடுத்ததும், தட்டான் முதல் தவளை வரை தம் வயலில் ஒதுங்கிய ஜீவன்களையெல்லாம் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் ஏற்றி, வரப்போரம் ‘இங்கே எல்லா உயிர்க்கும் பங்கு உண்டு’ என்று பலகையும் நட்டுவிட்டால், ஆள் தயார்.

மானாம்பதி தாமோதரன் இதில் முதல் தரம். அவருடைய பலகையைக் குருவிகள் படித்துவிட்டதுதான் சங்கடம். சுற்றிலும் மருந்து வாடை. இவர் வயலில் மட்டும் புழுவும் பூச்சியும் தாராளம். வந்த கூட்டம் புழுவோடு நிற்குமா? பால் பிடித்திருந்த சீரகச் சம்பாவையும் ருசி பார்த்தது. தாமோதரனுக்கு வயிறு எரிந்தது. பலகையைப் பிடுங்க மனமில்லாமல், வயல் முழுக்க ஜிகினா ரிப்பன் கட்டி, அவற்றை விரட்டினார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து இருபது பேர் வயல் பார்க்க வருவதாக ஏற்பாடு. குருவிகளைக் கண்ணால் கண்டு மனம் நிறைந்தால், விளைச்சல் முழுவதையும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். தாமோதரன் சனிக்கிழமையே ரிப்பனை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“இன்னா பண்ணிக்கினு கீறீங்க?” என்றாள் மனைவி மலர்க்கொடி.

“நாளிக்கு ஒருநா அதுங்க வந்துட்டுப் போவட்டும். திங்கக்கெயம திரும்பக் கட்டிக்கலாம்.”

“சரி, அதுங்களுக்கு யாரு போன் பண்றது?”

யாரும் பண்ணவில்லை. மறுநாள் இருபது கேமராக்கள் காத்திருக்க, ஒரு குருவியும் வரவில்லை. ரிப்பனுக்குப் பயந்து வரப்பைத் தாண்டிய கூட்டம் பக்கத்து வயல் பன்னீர்செல்வத்தின் கதிர்களில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின.

“ஐயா, நீங்க எந்த இயற்கை முறையில பண்றீங்க?”

“இயற்கையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. மருந்து அடிக்கிற மிஷின் ரிப்பேருல கீது. ரெண்டு வாரமா அடிக்கல, அவ்ளோதான்.”

என்ன தன்னடக்கம் என்று வியந்து, அவருடைய போன் நம்பரையே வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷமாக ஒரு சொட்டு மருந்தைத் தொடாத தாமோதரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். பால்கனியில் குருவிக்கென்று கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறீர்களே, நல்ல மனசுதான். புறா வரக் கூடாதென்று அதே பால்கனிக்கு வலையும் கட்டியிருக்கிறீர்களே, குருவி எந்த வழியாக வரும்?