சுத்தமான புட்டி

நிருபம் சான்யால் தும்மினார். ஊசிமுனையில் நின்ற படிகம் பறந்துபோனது.

ஏழு வருடத்தில் விளைந்த ஒரே படிகம் அது. பாதிக் கடுகளவுதான் இருக்கும். ஆனால் அதை எக்ஸ்ரே கருவிக்குள் வைத்துச் சுழற்றினால்தான் அந்தப் பொருளுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று தெரியும். தெரிந்தால் பேராசிரியர் பதவி. நேர்முகத் தேர்வுக்கு இரண்டே வாரம். இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. நான்காவது முறை யாரையும் கூப்பிடுகிற வழக்கம் அந்தக் கொல்கத்தா ஆய்வுக்கூடத்தில் இல்லை. அவர் மனைவி சுதபாவோ பாலிகஞ்சில் இருக்கும் தன் அக்காவிடம் பதவி கிடைத்தே விட்டதாகச் சொல்லியிருந்தாள்.

அவரும் உதவியாளர் ஹராதனும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். ஒரு உப்புக்கல் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஜால்முரி என்கிற காரப்பொரியைத் தின்றது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

மறுபடி கரைசல் தயாரித்துப் புட்டியில் ஊற்றி வைத்தார். போன முறை மூன்றே நாளில் விளைந்தது, இந்த முறை நான்கு நாளாகியும் விளையவில்லை. அழுக்குதான் காரணம் என்று சான்யால் முடிவுகட்டினார்.

புட்டிகளை அமிலத்தில் கழுவினார். கரைசலை மூன்று முறை வடிகட்டினார். தூசு பறக்குமென்று மின்விசிறியை நிறுத்தினார். வைசாக மாத வெயிலில் ஹராதன் ஃபைல் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே பாடுபட்டார். கரைசல் கண்ணாடி மாதிரித் தெளிந்ததே தவிர, ஒன்றும் விளையவில்லை.

அடுத்து, வெளியாட்கள் நுழையத் தடை. செருப்புக் காலோடு எட்டிப்பார்த்த ஒருவரை முகம் பார்க்காமலே விரட்டினார்.

"யாருன்னு பாத்தீங்களா ஸார்?" என்றார் ஹராதன். "நம்ம டைரக்டர். வெள்ளிக்கிழமை உங்களைக் கேள்வி கேக்கப் போறவரு."

சான்யாலுக்கு அன்று மீன்குழம்பு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை கண்ணாடியில் தன் தாடியைப் பார்த்தார். பதினெட்டு வருடத் தாடி. அதற்குள் எத்தனை வருடத் தூசு இருக்குமோ என்று நினைத்ததும் உடம்பு கூசியது. முழுக்க மழித்துவிட்டுக் குளியலறையிலிருந்து வந்தவரைப் பார்த்து, "யார் வேணும்?" என்று கேட்டாள் சுதபா.

அன்றே கடைசிக் கரைசலை ஊற்றி வைத்தார். வியாழன் வரை அதில் ஒரு துகள்கூட இல்லை.

மூன்று நாள் விடுப்பு முடிந்து டீயோடு வந்த ஹராதன், அவர் மோவாயைப் பார்த்து அப்படியே நின்றார்.

"தாடி எங்க ஸார்?"

சுத்தத்துக்காக எடுத்துவிட்டதாகச் சான்யால் சொன்னார். ஹராதன் டீயை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"படிகம் வெளஞ்ச தடவை புட்டிக்குள்ள உங்க தாடி முடி ஒண்ணு விழுந்து கெடந்துச்சு, திட்டுவீங்கன்னு நான் சொல்லல. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஸார் அந்தப் படிகமே வளந்துச்சு."