உறையூருக்கும் ஸ்புட்னிக்குக்கும் நடந்த அறிவிப்புப் பலகைப் போர்

காவிரியும் கொள்ளிடமும் இரு கரங்களாய்த் தழுவிக் கிடக்கும் திருவரங்கத் தீவில் உறைபவனும், சைக்கிள் என்னும் கரும்புரவி ஏறி நாள்தோறும் காவிரிப் பாலம் கடப்பவனும், எதிர்காற்றில் பறக்கும் அங்கவஸ்திரத்தைப் பல்லால் கவ்வியபடியே மணியடிக்க வல்ல பேராற்றலனும், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைத் தவிட்டு மணம் கமழும் குடியில் தோன்றி அக்குடியிலேயே முதன்முதலாக எம்.ஏ. பட்டம் சூடியவனும், திருச்சிராப்பள்ளிக் கல்லூரியொன்றின் வரலாற்று விரிவுரையாளனுமாகிய ரங்கசாமியின் திருப்பெயர் ஓங்குக. அவன் வலக்கரம் ஏந்திய டிராயிங் பின் என்னும் குறுவேலும் கூர் மழுங்காதிருப்பதாக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டின் ஐப்பசிக் காலையொன்றில் இவ்வீரன் இட்லியை வென்றுகொண்டிருந்த வேளை, மனையாள் அழகம்மாள் கையில் சட்னிக் கரண்டியோடு வினவினாள்.

"ஊரே உங்களை புரொபசர் புரொபசர்ங்குது. அப்படி என்னதான் பேசுவீங்க? ஒரு நாள் நானும் வந்து கேக்கறேனே."

வினா எளியது, தைத்த இடமோ மார்பு. வரும் வெள்ளி மாலை 'உறையூர்த் துணியும் உரோமானியப் பொன்னும்' என்று தான் ஆற்றவிருந்த சொற்பொழிவை நினைத்து, பின்விளைவை நினையாது ரங்கசாமி முழங்கினான்.

"வெள்ளிக்கிழமை வா. முன்னாடியே வந்துடு. ஹால்ல உக்கார எடம் கிடைக்காது."

சென்ற சொற்பொழிவுக்கு வந்தவர்கள், அட்டெண்டன்ஸ் போய்விடும் என்று அஞ்சிய சில மாணவரும் வழி தவறிய ஓர் ஆட்டுக்குட்டியுமே என்பதை அவன் உரைத்தானில்லை.

முதல்வர் அறைக்கு எதிரே, பச்சைத் துணி போர்த்தித் தேக்குச் சட்டம் பூண்டு, தாழ்வாரத்துச் சுவரில் கொலுவீற்றிருந்தது கல்லூரியின் அறிவிப்புப் பலகை. இடப்புறம் 'ஆசிரியர் செய்திகள்', வலப்புறம் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்'. இரண்டுக்கும் இடையே, போவோர் வருவோர் கண்மட்டத்தில் அமைந்த நடுவிடமே அரியணை. கீழ்மூலையோ, காணாமற்போன குடைகளைப் பற்றிய அறிவிப்புகள் மஞ்சளித்து மடியும் பாலைநிலம். திங்களன்று ரங்கசாமி தன் அறிவிப்பை அரியணையில் ஏற்றி, ஓரடி பின்வாங்கி நின்று, கண்ணாரக் கண்டு களித்தான்.

செவ்வாயன்று உறையூர், குடைகளோடு கிடந்தது. அரியணையில் சிவப்பு மையெழுத்தில் ஒளிர்ந்தது வேறொன்று: 'ஸ்புட்னிக் – வானில் ஒரு புது நிலா.' பேசுபவர் நசுருதீன், பௌதிகத் துறை. அதே வெள்ளி, அதே மண்டபம், அதே நேரம். பாலக்கரையிலிருந்து அவ்வாண்டுதான் பணியில் சேர்ந்த இளங்காளை அந்நசுருதீன். படிகளை இரண்டிரண்டாகத் தாவுபவன். மூக்குக்கண்ணாடிக்குள் விண்மீன் மினுங்குபவன்.

மூண்டது போர். காலையில் ரங்கசாமி கோட்டையைப் பிடிப்பான். மாலையில் நசுருதீன் மீட்பான். அரைத்தாள் முழுத்தாளாயிற்று, முழுத்தாள் காலண்டரின் பின்புறமாயிற்று. ரங்கசாமி பாய்விரித்த உரோமானிய மரக்கலம் ஒன்றை வரைந்து அனுப்ப, நசுருதீன் மலைக்கோட்டைக்கு மேலே மீசை முளைத்த உருண்டை ஒன்றைப் பறக்கவிட்டான். இரு வல்லரசுகள் மோதும் நிலத்தில் எளிய குடிகள் படும் பாட்டைப் பட்டவர் ஆங்கிலத் துறைப் பாக்கியநாதன். அவர் டாக்டர் பட்டம் பெற்ற செய்தி முதலில் ஒரு பின்னை இழந்தது, பிறகு தலைசாய்ந்தது, இறுதியில் மரக்கலத்தின் அடியில் மூழ்கியே போனது.

"நான் டாக்டர் ஆனதைக் கொஞ்சம் தெரியற மாதிரி வைங்களேன்" என்று அவர் இருதரப்பிடமும் தூது சென்று பார்த்தார். போர்முரசின் ஒலியில் அக்குரல் யார் செவியிலும் ஏறவில்லை.

வியாழனன்று இடைவேளை மணி ஒலித்தபோது வீரர் இருவரும் பலகையின் இருபுறமும் ஒரே கணத்தில் வந்து நின்றனர். மாணவர் படை வளைத்துக்கொண்டது.

"வானத்துல நிலாவே புதுசா ஒண்ணு வந்திருக்கு சார். இப்பப் போய்ப் பழைய துணியை விரிக்கிறீங்களே" என்றான் நசுருதீன்.

"அந்தத் துணிக்குத்தான் தம்பி ரோமாபுரி பொன்னைக் கொட்டுச்சு. உங்க ரஷ்யா நிலா வெறும் பீப் பீப்தானே?"

ஒருவன் சட்டத்தின் இடத்தோளைப் பற்ற, மற்றவன் வலத்தோளைப் பற்ற, வெள்ளைக்காரன் காலந்தொட்டுச் சுவரில் வேரோடியிருந்த ஆணிகள் அலறிப் பிடுங்கிக்கொள்ள, மத்தகம் பிளந்த மதயானையெனப் பலகை மண்ணில் சாய்ந்தது. பின்கள் மாரியெனச் சிதறின. புழுதி அடங்கியபோது எதிரே முதல்வர் நின்றார்.

"ரெண்டு பேரும் பேசுங்க. ரோமாபுரி முதல்ல, நிலா அப்புறம். இதை அரியமங்கலம் தச்சுப் பட்டறைக்கு அனுப்பிச் சட்டத்தைச் சரிபண்ணச் சொல்லுங்க."

அன்று மாலையே பலகை வண்டியேறிற்று. அது போனதைக் கண்ட மாணவர்கள், இரண்டு கூட்டமுமே ரத்து என்று தாமாகவே தீர்மானித்து, பெரு மகிழ்ச்சியோடு கலைந்தனர்.

வெள்ளியன்று விண் உடைந்து கொட்டியது. சொன்ன சொல்லை நம்பி முன்னதாகவே பஸ்ஸேறி, பட்டுச் சேலையின் ஓரம் நனைய வந்த அழகம்மாள், மண்டபத்தின் முதல் வரிசையில் அமர்ந்தாள். வலப்புறம் பார்த்தாள். இடப்புறம் பார்த்தாள். பிறகு திரும்பிப் பின்புறத்தையும் பார்த்தாள்.

"ஏங்க, எடமே கிடைக்காதுன்னீங்க?"

பகைவர் கணைகளுக்கெல்லாம் கலங்காத நெஞ்சினன், இவ்வொரு கணைக்குக் குறிப்புத்தாளைக் கேடயமாய் உயர்த்திப் பிடித்து மேடையில் நின்றான். காலி நாற்காலிகள் அத்தனையும் அவனையே நோக்கின. பேசாமல் இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தான்.

அப்போது நீர் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தான் நசுருதீன். மண்டபத்தைக் கண்டான், மேடையில் நிற்பவன் முகத்தைக் கண்டான், முன்வரிசையில் பட்டுச் சேலையைக் கண்டான். கண்டதும் எல்லாம் விளங்கிற்று.

"லேட்டாயிடுச்சோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்க்கா" என்று சொல்லி, ஒரு நாற்காலி விட்டு அமர்ந்தான். "மழை மட்டும் இல்லேன்னா வாசப்படி வரைக்கும் நின்னிருப்பாங்க. சார், ஆரம்பிங்க."

ரங்கசாமி ஆரம்பித்தான். ஆரம்பித்தவன் நிறுத்தினானில்லை. உறையூர்த் தறியில் நெய்த பாம்புச்சட்டை போன்ற மெல்லாடை காவிரி வழியே கடலேறிற்று. யவனர் மரக்கலங்கள் அலைமேல் ஆடின. நாற்காலிகளுக்கிடையே பொற்காசு உருண்டது. அழகம்மாள் கையை உயர்த்தி, "அந்தத் துணியை அவங்க வேட்டியாவா கட்டிக்கிட்டாங்க?" என்று கேட்டாள். எந்த மாணவனும் இதுகாறும் அவனை ஒரு கேள்வி கேட்டதில்லை. அதற்கு மட்டும் நெடுநேரம் விடையிறுத்தான். பின்னர் நசுருதீன் மேடையேறி நிலாவைச் சுழற்றினான். ரங்கசாமி முதல் வரிசையில் அமர்ந்து, அது ஏன் கீழே விழாமலிருக்கிறது என்று மெய்யாகவே தெரியாமல் கேட்டு, தெரிந்துகொண்டான்.

வெளியே வரும்போது அழகம்மாள் தாழ்ந்த குரலில் வினவினாள்.

"கூட்டத்தைப் பத்திச் சொன்னது பொய்யி. துணியைப் பத்திச் சொன்னதாச்சும் நெசந்தானே?"

"அது நெசம்."

"அப்ப சரி."

இங்ஙனம், வெட்சி சூடி எழுந்த பெரும்போர் வாகை சூடுவார் யாரென வானும் அறியாவண்ணம் ஓய்ந்து அடங்க, மண்ணாண்ட சோழர் மரபும் விண்ணாண்ட விஞ்ஞான மரபும் தோளோடு தோள் சேர, இடி முரசறைய, மின்னல் கொடியெடுக்க, மாமழை மலர் தூவ, மூவரும் நெடுந்தாழ்வாரம் கடந்து நடந்தனர்.

அப்புறம் கேண்டீனில் ஆளுக்கொரு பஜ்ஜி தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.